கீழ் வீட்டு கீசர்

எங்கள் அடுக்குமாடியில் செயலாளர் பதவியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர் தலையில் கட்டிவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற மும்முரத்தில் நான் மேலேயே இருந்துவிட்டேன். காயப்போட மொட்டை மாடிக்குப் போனபோது எதிரே வந்தவர்கள் வாழ்த்துச் சொன்னார்கள். டீச்சர் என்றால் எல்லாரும் பேச்சைக் கேட்பார்களாம். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பே என் பேச்சைக் கேட்பதில்லை. என் வீட்டுக்காரர் போர்வெல் போடுகிற ரிக் லாரியோடு வடக்கே போனால் வர மாதக்கணக்கில் ஆகும். அதனால் எனக்குப் பொழுது போகாமல் கிடக்கும் என்றும் அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

அஸ்தம்பட்டியில் ஏற்காடு சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் கட்டடம். கட்டியவர் எல்லாக் குளியலறையிலும் காஸ் கீசர் மாட்டிக் கொடுத்திருந்தார். கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாத காலம் அது. சிலிண்டர் இருந்தால் போதும், குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும். வீடு பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் நாங்கள் ஹாலைக் காட்டுவதற்கு முன்னால் குளியலறையைத்தான் காட்டினோம்.

குளியலறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். எல்லாவற்றுக்கும் பின்னால் தரையிலிருந்து மொட்டை மாடி வரைக்கும் ஒரே பொந்து. குழாய்கள் போகிற வழி அது. எங்கள் குளியலறை ஜன்னல்கள் எல்லாம் அந்தப் பொந்துக்குள்தான் திறக்கும். கீழே ஒருவர் பீடி பற்ற வைத்தால் மூன்றாம் மாடியில் இருமல் கேட்கும். அதைத் தவிர அந்தப் பொந்தைப் பற்றி யாரும் நினைத்ததில்லை.

மூன்றாம் மாடியில் பாய் வீடு. கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. தினமும் காலையில் அந்தப் பெண்ணுக்கு உடம்பு பொறுக்கிற சூட்டில் வெந்நீர்க் குளியல். பிள்ளை பெற்ற உடம்பில் காற்று படக்கூடாது என்று நம் பக்கம் எந்த வீட்டிலும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாயம்மா ஒரு பழைய போர்வையை மடித்துக் குளியலறை ஜன்னலில் ஒரு இடுக்கு விடாமல் அடைத்திருந்தார். என் பிரசவத்தின்போது என் அம்மா மெழுகுத்துணியை ஆணி வைத்தே அடித்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எரிந்தது கொல்லையில் விறகடுப்பு. நான் பிழைத்தது அதனால்தான் என்று இப்போது தெரிகிறது.

அன்று காலை பாயம்மாவின் அலறல் கேட்டு நான் மேலே ஓடினேன். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் நிற்காமல் வருகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. பாய் தோளால் இடித்து இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தார். அந்தப் பெண் தூங்குகிறவள் மாதிரி சுவரோரம் சாய்ந்து கிடந்தாள். ஜன்னலை அடைத்துவிட்டு காஸ் எரிந்தால் கெட்ட காற்று உண்டாகும், அதற்கு வாசனை கூடக் கிடையாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. நாலாம் நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பால் கொடுப்பதைப் பார்த்தபோது நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாயம்மா பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "காத்து பட்டுடுமேன்னுதான் டீச்சர் அடைச்சேன். வேற எதுக்கு அடைப்பேன்?"

அந்த வாரம் காஸ் கீசரை உடனே கழற்றி எறிய வேண்டும் என்று சொல்லாத ஆள் இல்லை. எலக்ட்ரீசியனை வரவழைத்தேன். அவர் பார்த்துவிட்டு, ஒரு வீட்டில் மட்டும் மாற்றிப் பிரயோசனம் இல்லை என்றார். கீழே ஒரு வீட்டில் காஸ் எரிந்தாலும் அந்தப் புகை பொந்து வழியாக மேலே இருக்கிற எல்லாக் குளியலறைக்கும் போகும். கரண்டு கீசர் போட வேண்டும் என்றால் இப்போதிருக்கிற ஒயர் தாங்காது, கட்டடத்துக்கே லோடு கூட்டி வாங்க வேண்டும், எர்த் புதிதாகப் போட வேண்டும். இதை நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே புளித்துப் போனது.

ஏனென்றால் அடுத்த மாதம் எல்லாரும் ஆறிப்போயிருந்தார்கள். "நாங்க ஜன்னலத் தொறந்து வெச்சுத்தானே குளிக்கிறோம்" என்றார் ஒருவர். "சுவத்த ஒடைக்காம செய்ய முடியுமா டீச்சர், இப்பதான் பெயிண்ட் அடிச்சோம்" என்றார் இன்னொருவர். போர் தண்ணீரின் உப்புக்குக் கரண்டு கீசரின் உள்ளே இருக்கிற காயில் கம்பி ஒரு வருஷம் கூடத் தாங்காது என்று ஒருவர் எனக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். நான் ஜவுளிக்கடை பொம்மை மாதிரி நின்று கேட்டேன். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஒரு வீடு, காபி குடித்துவிட்டு ஒரு வீடு. ஒருவழியாக ஒவ்வொருவராகச் சரி என்றார்கள். சம்மதித்து அல்ல, நான் மறுபடி வந்துவிடுவேனே என்ற பயத்தில்.

மிஞ்சியது கீழ் வீடு. எல்லார் குளியலறைக்கும் அடியில் இருக்கிற வீடு.

கீழ் வீட்டு அண்ணன் நாமக்கல் பக்கத்துப் பண்ணையக்காரர். பத்து வருஷத்துக்கு முன்னால் மனைவியோடு இங்கே குடிவந்தார். நிலம் இன்னும் அங்கே இருக்கிறது, வாரத்தில் பாதி நாள் காலையில் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். வெள்ளை வேட்டி, பேசினால் அளந்து பேசுவார். நான் முதல் முறை போனபோது வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"கரண்டும் தண்ணியும் ஒரே எடத்துல ஆவாதுங்க டீச்சரு. எங்க ஊட்டுக்கு வேண்டாமுங்க."

இரண்டாம் முறையும் அதே பதில். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாடியில் ஒரு பெண் சாகக் கிடந்து எழுந்திருக்கிறாள், இவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறார். மேலே வந்து வீட்டுக்காரருக்கு போன் போட்டுக் கீழ் வீட்டாரை வாயில் வந்தபடி திட்டினேன். அவர் ராஜஸ்தானில் ஏதோ ஒரு காட்டில் நின்றுகொண்டு, பின்னால் ரிக் இரைய இரைய, "உடு, உடு" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் முறை போனபோது அண்ணன் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பொழுது சாய்ந்திருந்தது, ஹாலில் விளக்குப் போடவில்லை. அவர் மனைவி, அந்த அக்கா, தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் கீசர் என்ற பேச்சை எடுத்ததும் முறத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். அண்ணன் எழுந்துபோய் விளக்கைப் போட்டுவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"என்ற பையன் ஒருத்தன் இருந்தானுங்க. கெணத்துக்குள்ள எறங்கி மோட்டாரு ஒயரக் கழட்டிக்கிட்டு இருந்தான். ஸ்டார்ட்டர நிறுத்திட்டு எறங்கினானே தவிர பியூஸப் புடுங்குல. எப்பவுமே பியூஸ் கட்டையப் புடுங்கி மடியில கட்டிக்கிட்டுத்தான் எறங்கோணும். நான் சின்ன வயசுல இருந்து அவனுக்குச் சொன்னதுதானுங்க. அன்னிக்கு மோட்டாரு ஓடிருச்சு."

"யாராவது போட்டுட்டாங்களாங்கண்ணா?"

"மோட்டாரு ஓடிருச்சுங்க" என்று மறுபடியும் சொன்னார். அந்த அக்காவால் அந்த ஊரில் இருக்க முடியாமல் போனதால்தான் இங்கே வந்தார்களாம்.

மேலே வந்தேன். போனில் திட்டிய வார்த்தைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இனி அந்த வீட்டுப் படியேறி கீசர் என்று பேச எனக்கு வாய் வராது. பேசாமல் இருந்தாலோ, தினமும் காலையில் அவர்கள் காஸ் கீசர் எரிகிறபோது எனக்கு மூன்றாம் மாடிக் குழந்தையின் ஞாபகம் வந்துவிடும். பாயம்மா இப்போது ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார். திறந்த ஜன்னல் வழியாகத்தான் கீழ் வீட்டுப் புகை உள்ளே வரும்.

அண்ணனே ஒரு நாள் மேலே ஏறி வந்தார். "காஸ எடுத்துருங்க டீச்சரு. கைப்புள்ள இருக்கற எடம். நாங்க சமையலடுப்புல தண்ணி காய வெச்சுக்கறோம்" என்றார். கதவைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

வேலை நடந்தது. கட்டடம் முழுக்கச் சுவர் உடைக்கிற தூசி. பொடி படியாத பாத்திரம் இல்லை. கீழ் வீட்டில் காஸ் கீசரைக் கழற்றி, என்றைக்காவது உதவும் என்று ஒயர் மட்டும் இழுத்து வைத்தார்கள். எலக்ட்ரீசியன் அங்கே வேலை செய்த அன்று அண்ணன் தன் வீட்டு பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பகல் முழுவதும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டீ குடிக்கப் போனபோதும் அது அவர் பையில்தான் இருந்தது. வேலை முடிந்து எலக்ட்ரீசியன் செருப்பைப் போட்ட பிறகுதான் எடுத்து மாட்டினார்.

புதுக் கீசர்கள் வந்த பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. முதல் சனிக்கிழமையே எல்லா வீட்டிலும் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டார்கள். கட்டடமே அணைந்தது. லோடு கணக்குப் பார்த்த நான், எலக்ட்ரீசியன் உட்பட எங்களில் ஒருவருக்கும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் ஞாபகத்தில் இல்லை. நெற்றியில் எண்ணெய் வழிய வழிய ஆண்கள் எல்லாரும் படியில் நின்று என்னைப் பார்த்தார்கள். நீங்கள் மாடிக்கு மாடி நேரம் பிரித்துக்கொண்டு குளியுங்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை குளியுங்கள், சனி பகவானிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மார்கழிக் குளிரில் கீழ் வீட்டு அக்கா சுடுதண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது கை வழுக்கிக் காலில் கொட்டிக்கொண்டார். ஏற்கெனவே மூட்டுவலிக்காரர். பச்சைத் தண்ணீரில் குளித்தால் விரல்கள் மடங்காது. கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டு அண்ணன் அன்றே போய்க் கரண்டு கீசர் வாங்கி வந்தார். சுவிட்ச், குளியலறைக் கதவுக்கு வெளியே நடையில்.

அதை அவர் மட்டும்தான் தொடுவார். காலையில் அவரே போடுவார். சிவப்பு விளக்கு அணைகிற வரைக்கும் பக்கத்தில் நிற்பார். சுவிட்சை நிறுத்துவார், பிறகு போய் வீட்டு பியூஸையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இப்பப் போ" என்பார். அக்கா குளித்துத் தலை துவட்டி வெளியே வருகிற வரைக்கும் வீட்டில் விளக்கு, ஃபேன், ஒன்றும் கிடையாது. பியூஸ் கட்டையோடு அவர் வாசலில் நிற்பதைப் பள்ளிக்கூடம் போகும்போது நான் பார்ப்பேன். சிலர் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

பொங்கல் கழிந்து மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற சமயம். ஆள் கிடைக்கிற நாளில் நிலத்திலேயே தங்கினால்தான் வேலை ஆகும். அண்ணன் என்னிடம் வந்தார்.

"கெழங்கு ஏத்தி முடிக்கற வரைக்கும் காலையில ஒரு எட்டு வந்து கீசரப் போட்டு உடுங்க டீச்சரு. சூடானதும் நிறுத்திப்போட்டு பியூஸப் புடுங்கி அவ கையில குடுத்துருங்க. அவ சுவிட்சு தொடமாட்டா."

"விளக்கு சுவிட்ச் கூடவாங்கண்ணா?"

"எதுவும் தொடமாட்டாளுங்க. இன்னிக்கு நேத்தா, ஊட்ட உட்டு வந்ததுல இருந்தே அப்புடித்தான்."

அப்படியானால் அன்று அந்த அரை இருட்டில் அவரைக்காய் உரித்தது அதனால்தான். பாவம், பயம் என்று நினைத்தேன். மகனைக் கரண்டு கொண்டுபோயிருக்கிறது, பயப்படாமல் என்ன செய்வார்.

முதல் நாள் காலையில் சோற்றுக் குக்கரை வைத்துவிட்டுக் கீழே போனேன். அக்கா நடையில் சுவரோடு ஒட்டி, சுவிட்சுக்கு எட்டாத தூரத்தில் நின்றார். நான் கையை நீட்டினேன்.

"உள்ள யாரும் இல்லீல்ல சாமி?" என்றார்.

"வீட்டில நீங்களும் நானும்தானுங்கக்கா இருக்கிறோம்."

"ஒருக்கா பாத்துப்போட்டு வந்து சொல்லு."

குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தேன். ஒரு வாளி, ஒரு சொம்பு, உப்புத் தண்ணீர்க் கறை பிடித்த தரை. வந்து, யாரும் இல்லை என்றேன். தலையை அசைத்தார். அதன் பிறகு போட்டேன்.

மறுநாளும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன், அப்புறம் போடுவேன், சூடானதும் நிறுத்துவேன், பியூஸைப் பிடுங்கிக் கையில் கொடுப்பேன். முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் குளிக்கப் போவார். சாயங்காலம் நான் வந்து அதை வாங்கி மாட்டி, விளக்கைப் போட்டுவிட்டுப் போவேன். கிழங்கு வேலை இழுத்துக்கொண்டே போனது. லாரி வரவில்லை, ஆள் வரவில்லை, ஜவ்வரிசி மில்லில் விலை சரியில்லை என்று அண்ணன் போனில் சொல்வார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் திருத்தாத பேப்பர் மலை மாதிரி கிடந்தது. மாடித் தண்ணீர்த் தொட்டியில் கசிவு, அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு எல்லார் மேலும் அலுப்பாக இருந்தது. வெந்நீர் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வந்தது. என் வீட்டில் நான் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் தலைமையாசிரியர் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கீழே இறங்கினேன். அக்கா வழக்கம்போலக் கேட்டார்.

"உள்ள யாரும் இல்லீல்ல சாமி?"

"யாரும் இல்லீங்கக்கா" என்று, நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிட்டு சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன்.

அவர் எப்படி அவ்வளவு வேகமாக வந்தார் என்று தெரியவில்லை. வலிக்கிற மூட்டோடு ஒரே எட்டில் வந்து, என் கைக்கு முன்னால் தன் உள்ளங்கையை வைத்து சுவிட்சை மூடிக்கொண்டார். அந்த அக்கா ஒரு சுவிட்சைத் தொட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

"பாக்காம போடாத சாமி" என்றார். "நானும் பாக்காமத்தான் போட்டேன்."

நான் கையை இறக்கினேன்.

"மோட்டாரு ரூம்ல மூணு பல்பு இருக்கும். மூணும் எரிஞ்சா மும்முனைக் கரண்டு வந்திருச்சுன்னு அர்த்தம். அது எப்ப வரும் எப்பப் போவும்னு தெரியாது. வந்தா போட்டத போட்டபடி போட்டுட்டு ஓடி, மோட்டார ஓட்டற பச்சப் பொத்தான அமுக்கிருவோம். எல்லாரு ஊட்லயும் அப்புடித்தான். அன்னிக்கும் மூணும் எரிஞ்சுது. தண்ணியில்லாம மஞ்சக் காடு காஞ்சு கெடந்துது. ஓடினேன், அமுக்கினேன். ஒரு எட்டு தள்ளித்தான் கெணறு. எட்டிப் பாக்குல."

தோளில் கிடந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

"அவரு இன்னிக்கு வரைக்கும் யாரு போட்டதுன்னு என்னக் கேக்குல. தெரியும். கேக்குல. நீயாச்சும் பாத்துட்டு வந்து சொல்லு சாமி."

குளியலறைக்குள் போனேன். வாளியைப் பார்த்தேன், சொம்பைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னாலும் பார்த்தேன். வெளியே வந்து, "யாரும் இல்லீங்கக்கா, பார்த்துட்டேன்" என்று சொன்னேன். அதன் பிறகுதான் அவர் சுவிட்சின் மேலிருந்து கையை எடுத்தார்.